என் கை போகும் இடம்

எனக்கு முன்பல் இரண்டும் தூக்கல். தாவணி போட்ட நாளிலிருந்து, எதிரில் யாராவது வந்து நின்றால் என் வலது கை மேலே போய்விடும். தாவணி நுனியையோ முந்தானையையோ இழுத்துக்கொண்டு போய் வாயை மூடும். நான் மூடுவதில்லை, கைதான் மூடுகிறது என்று ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு, எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் எழுதும்போது முந்தானை தேவைப்படுவதில்லை, அது ஒரு வசதி.

எண்பதுகளின் நடுவில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்குப் போனேன். ஓட்டுக் கட்டடம் ஒன்று, தகரக் கொட்டகை ஒன்று, ஐந்தாவது வரைக்கும் வகுப்பு. வேலை கேட்டுப் போன அன்றைக்குப் பெரிய டீச்சர் என்னைப் பார்த்து, "கையை எடுத்துட்டுப் பேசும்மா. துணிக்குள்ள பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்?" என்றார். எடுத்தேன். பேச்சு வரவில்லை. திரும்பவும் மூடிக்கொண்டு, "நாளைக்கே வரேன் டீச்சர்" என்றேன். அவர் சிரித்துவிட்டு வேலை கொடுத்தார்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. வாசலில் தொங்குகிற துண்டுத் தண்டவாளத்தை இரும்புக் கம்பியால் அடிக்க வேண்டும், அதுதான் மணி. பானையில் தண்ணீர் நிரப்ப வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, அவிழ்ந்த ரிப்பனைக் கட்டிவிட வேண்டும். எனக்கு இந்த வேலை பிடித்ததற்குக் காரணம் மத்தியான வேளை. டப்பா திறக்கிற நேரம். ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளை, செங்கல் சூளையில் வேலை செய்கிறவர் பிள்ளை, மாதா கோயில் தெருப் பிள்ளைகள், தையல்கடை பாய் வீட்டு இரட்டைப் பெண்கள் என்று எல்லோரும் தகரக் கொட்டகையில் வட்டமாக உட்காருவார்கள். ஒவ்வொரு டப்பாவையும் திறக்கும்போது ஒவ்வொரு வீடும் வெளியே வரும். நான் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் சுற்றிச் சுற்றி வந்து எட்டிப் பார்ப்பேன். யார் வீட்டில் எதற்குப் புளி போடுகிறார்கள், யார் வீட்டில் தயிர் கிடையாது, எல்லாம் எனக்குத் தெரியும். வாய்விட்டு யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை. பார்த்தே தெரிந்துகொள்வது என் பழக்கம். என் மகளும் அப்படித்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவளும் அதே பள்ளிக்கூடத்தில் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள்.

காலாண்டு லீவு முடிந்து மூன்றாம் வகுப்பில் ஒரு புதுப் பெண் சேர்ந்தது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாவின் மகள். அந்த அம்மாவுக்குச் சொந்த ஊர் கோவளம் பக்கத்தில் ஒரு குப்பம். விற்பனைக்குத் தோதாக இருக்கும் என்று தாம்பரத்தில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு குடிசை பிடித்திருந்தார். விடிகிற பஸ்ஸில் போய்க் கடற்கரையில் மீன் எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குள் திரும்பிவிடுவார். மகளைச் சேர்க்க வந்த அன்றும் அலுமினிய அன்னக்கூடையோடுதான் வந்தார். கூடையைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் வரும்வரை காக்கா ஓட்டியவள் நான்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவர். பிள்ளைகளை அடிக்காத டீச்சர். அந்தப் பெண்ணை என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

நான் தண்ணீர்ப் பானையோடு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். என் மகள் தன் பின்னல் நுனியை எடுத்தாள். மூன்று விரலால் பிடித்து, மூக்குக்குக் குறுக்கே வைத்து, முகத்தை லேசாக இடதுபக்கம் திருப்பிக்கொண்டாள். பெரிய மனுஷி மாதிரி இருந்தது. எங்கேயோ பார்த்த நிற்பு என்று ஒரு நிமிடம் தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

மறுநாள் பின்பெஞ்சுப் பெண்கள் இரண்டு பேர் பின்னலை எடுத்தார்கள். பின்னல் இல்லாத பையன்கள் சட்டைக் காலரை இழுத்துக்கொண்டார்கள். வாரக் கடைசிக்குள் அந்தப் பெண் கரும்பலகைக்குப் போனாலும் திரும்பி வந்தாலும் முகங்கள் திரும்பின. எல்லோரும் ஒரே மாதிரி மூன்று விரல், ஒரே மாதிரி இடதுபக்கம்.

டீச்சர் பார்த்துவிட்டார். புதன்கிழமை கடைசிப் பீரியட் நீதிபோதனை. எல்லோரையும் எழுப்பி நிற்க வைத்து, நாம் எல்லோரும் ஒன்று, யாரையும் இழிவாக நினைக்கக் கூடாது என்று சொல்லச் சொன்னார். பிள்ளைகள் சொன்னார்கள். என்ன சத்தம்! வாசலில் தொங்குகிற தண்டவாளம் வரைக்கும் அதிர்ந்திருக்கும். "உக்காருங்க" என்றார். உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணும் உட்கார்ந்தது. என் மகள் பின்னலை எடுத்தாள்.

எனக்குக் கோபம் வந்ததா என்று இப்போது யோசித்தால், கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். இப்போதுதானே வாயால் சொன்னார்கள்? வாய் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் கை எப்படி வேறு வேலைக்குப் போகிறது? எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் மீன் குழம்பு. தட்டை வழித்து நக்குகிறவள் என் மகள். மீன் குழம்பு அவளுக்கு மணக்கிறது, மீன்காரம்மா பெண் மட்டும் நாறுகிறாளா?

உண்மையிலேயே வாடை வருகிறதா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ரிப்பன் கட்டுகிற சாக்கில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, தலைக்குப் பக்கத்தில் குனிந்து மூச்சை இழுத்தேன். தேங்காய் எண்ணெய். குளிக்கிற சோப்பு. கழுத்தில் திட்டுத்திட்டாகப் பவுடர். அவ்வளவுதான். சாயந்திரம் வீட்டில் என் மகள் தலையையும் அதேபோல முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய், அதே சோப்பு. கண்ணைக் கட்டிவிட்டால் எது யார் பிள்ளை என்று என்னால் சொல்ல முடியாது.

மறுநாள் அந்தப் பெண் தானாக என்னிடம் வந்தது. கையை முழங்கை வரைக்கும் நீட்டியது.

"ஆயா, மோந்து பாரு. நா நாறுறனா?"

"இல்லடா கண்ணு."

"எங்கம்மா ரெண்டு தபா சோப்பு போட்டுச்சி."

"வாசனையாத்தான் இருக்கு."

"அப்போ ஏன் மூடிக்கிறாங்கோ?"

"தெரியலடா" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. இதைச் சொல்லும்போதும் என் முந்தானை என் முகத்தில்தான் இருந்தது என்று பிறகு நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை அந்தப் பெண் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் மீன்காரம்மா எங்கள் தெருவுக்கு வந்தபோது கூடையை இறக்காமலே நின்றார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். கழுத்து நேராக நிற்கும், பேச்சும் அப்படித்தான்.

"இன்னாக்கா, ஸ்கூல்ல எம் பொண்ண மீனு மாரி வெச்சிகினு கீறாங்களாமே? மூக்க மூடிகினு! கடலுல கீற மீனு கூட அவளுக்கு மரியாத குடுக்கும். அய்துகினே கெடக்குது ரெண்டு நாளா. வேணாம்மா ஸ்கூலு, நானும் கூடை தூக்குறேன்னுது."

நான் முந்தானைக்குள்ளிருந்து, "டீச்சர் கண்டிச்சாங்களே" என்றேன்.

"கண்டிச்சி? இந்த ஞாயித்துக்கெழம வரிக்கும் பாப்பேன். அப்பால ஒரு சின்ன கூடை வாங்கி அது தலையில வெச்சி என்கூடவே இட்டுகினு பூடுவேன். பேஜாரே வேணாம்." அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்கா. பஸ்ஸு போர்டு படிக்கணும் அது. ஒருக்கா கேளம்பாக்கத்துல நின்னுகினு தாம்பரம் பஸ்ஸான்னு கேட்டேன். ஒரு ஆளு ஆமான்னான். ஏறி ஒக்காந்தா எங்க போச்சின்ற? திருப்போரூரு! கோயில் கொளத்தாண்ட கூடையோட நிக்கிறேன். ஐஸு தண்ணியா பூட்ச்சி. அம்மாம் மீனும் வீணு. அன்னிக்கி முடிவு பண்ணேன், எம் பொண்ணு போர்டு படிக்கும்னு."

அவர் போய்விட்டார். கூடை மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. என் மகள் தொடங்கி வைத்தது. நான்தான் கேட்க வேண்டும்.

அன்று சாயந்திரம் அவளைச் சமையலறையில் பக்கத்தில் உட்கார வைத்தேன். அடிக்கிற யோசனை இல்லை. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"அந்தப் பொண்ணு பக்கத்துல வந்தா பின்னல வெச்சு மூடுறியே, அதை யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

அவள் என்னைப் பார்த்தாள். இது என்ன கேள்வி என்பது போல.

"நீதான்."

"நான் எப்பச் சொன்னேன்?"

"சொல்லல. மீன்காரம்மா வந்தா நீ அப்படித்தானே நிப்ப?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறது, சரிசெய்துவிடலாம் என்று சமாதானமாகவும் இருந்தது. "அட பைத்தியமே, அது கூச்சம்டி. பல்லு தெரியக் கூடாதுன்னு வாயை மூடுறேன். எல்லார்கிட்டயும்தான் மூடுறேன்."

"எல்லார்கிட்டயும் வாய். மீன்காரம்மாகிட்ட மூக்கு."

"என்னடி உளர்ற?"

அவள் எழுந்து நின்றாள். கொடியில் கிடந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு என்னையே காட்டினாள். "இது பெரிய டீச்சர்கிட்ட." கை வாயில், தலை குனிந்து. "இது பூசாரி தாத்தாகிட்ட." கை வாயில், கண் மூடி. "இது தையல்கடை பாய்கிட்ட." கை வாயில், ஒரு எட்டு பின்னால். "இது சாக்கடை எடுக்க வர்ற ஆயாகிட்ட. தண்ணி கேட்டா இப்படி ஊத்துவ." சொம்பைத் தலைக்கு மேலே தூக்கினாள். "இது மீன்காரம்மாகிட்ட." மூன்று விரல், முந்தானை மூக்குக்குக் குறுக்கே, முகம் இடதுபக்கம்.

ஜன்னல் வழியாகப் பார்த்த அந்த நிற்பு யாருடையது என்று அப்போதுதான் தெரிந்தது.

"அப்படியெல்லாம் கிடையாது" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் மனசு விடவில்லை. முப்பது வருடமாகக் கூடவே இருக்கிற கை. அது எங்கே போகிறது என்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியாதா? சரி, பார்ப்போமே என்று புதன்கிழமையிலிருந்து என் கையை நானே கவனிக்கத் தொடங்கினேன்.

சொல்கிற மாதிரி அது லேசான வேலை இல்லை. கவனிக்கும்போது கை நல்ல பிள்ளையாகிவிடும். கொஞ்சம் மறந்தால்தான் அதன் குணம் தெரியும். பால்காரரிடம் வாய். தபால்காரரிடம் வாய், அதுவும் அழுத்தமாக. சர்ச்சிலிருந்து வருகிற சிஸ்டரிடம் வாய். பழைய பேப்பர் எடுக்க வந்தவர் கேட்டில் நின்றபோது கை எங்கே இருந்தது என்று பார்த்தேன். மேல் உதட்டுக்கு மேலே இருந்தது. அவரிடம் எந்த வாடையும் இல்லை. வெள்ளிக்கிழமை சாக்கடை எடுக்கிற அம்மா வந்து தண்ணீர் கேட்டார். சொம்போடு போன கை மார்பு உயரத்தில் நிற்காமல் மேலே மேலே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் குனிந்து கையைக் குவித்துக்கொண்டார். அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினால் பாதித் தண்ணீர் முகத்தில்தான் தெறிக்கிறது. இத்தனை வருடம் தெறித்திருக்கிறது. அவர் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கணும் தாயி" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நின்ற பெண் திரும்பினார். மீன்காரம்மா. அன்று கடலில் காற்று, மீன் இல்லை போல. தலைக்குக் குளித்து, ஈரமுடியை முடிந்து, மஞ்சள் புடவை கட்டியிருந்தார். அருகில் கூடையும் இல்லை, ஒன்றுமில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் கண் என் முகத்தில் ஓர் இடத்தில் நின்றது.

"இன்னிக்கி கூடை இல்லக்கா" என்றார்.

மூன்று விரல். மூக்குக்குக் குறுக்கே. சட்டென்று இறக்கினேன். அவர் ஒன்றும் நடக்காத மாதிரி முன்னால் திரும்பிக்கொண்டார். காதுக்குக் கீழே ஈரமுடியிலிருந்து ஒரு சொட்டு அவர் ரவிக்கையில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகள் சரியாகத்தான் படித்திருந்தாள். நான் எழுதியது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்த மனுஷன், சிக்கல் என்றால் கழற்றிப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. "கைய சும்மா விட்டாதானே போவுது? வேல குடு அதுக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மீன்காரம்மா வந்தார். சங்கரா மீன். வழக்கமாக அவரே அரிவாள்மனையில் கழுவி வெட்டிக் கொடுத்துவிடுவார், நான் இரண்டு அடி தள்ளி நின்று பாத்திரத்தை நீட்டுவேன். அன்று கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவரை உட்காரச் சொன்னேன். என் மகளையும் கூப்பிட்டேன்.

"இன்னிக்கு நாங்களே கழுவுறோம். எப்படின்னு காட்டும்மா."

"இன்னாக்கா விசேசம்?"

"ஒண்ணுமில்ல. கத்துக்கலாம்னு."

எதிரெதிராகக் குத்தவைத்து உட்கார்ந்தோம். செதில் எடுப்பது லேசு என்று நினைத்திருந்தேன். மீன் வழுக்குகிறது, முள் குத்துகிறது, செதில் கண்ணில் தெறிக்கிறது. "வாலாண்டருந்து வாக்கா, தலையாண்டருந்து சீவுனா எப்புடி வரும்? பூன கூட உன்ன வெச்சிக்காது" என்றார். என் மகள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கை வழக்கம்போல மேலே கிளம்பியது. இரண்டு கையிலும் மீன். பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது.

மீன்காரம்மா என் முகத்தையே பார்த்தார். கண் பெரிதானது.

"அடிப்பாவி! இந்தப் பல்லுக்கோசரமா இத்தினி வருசமா மூடிகினு கீற? நான் கூட ஏதோ ஒதட்டுல பிரச்சன போலன்னு நென்சிகினு இருந்தேன்!" கல்லைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "எங்க மாமியாருக்கு இத்தவிட தூக்கலு. அது வாயத் தொறந்தா அலையே திரும்பிப் பூடும்."

நானும் சிரித்தேன். அந்த இடத்திலேயே விட்டிருக்கலாம். பல்லுக்காகத்தான் என்று சொல்லி முடித்திருக்கலாம், அவருக்கும் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, செதில் ஒட்டின கையோடு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பல்லுக்காகத்தான் மூடுறேன்" என்றேன். "ஆனா உங்கிட்ட மூக்கை மூடுறேன். எனக்கே தெரியாது. இவதான் சொன்னா. இவ என்னைப் பாத்துத்தான் ஸ்கூல்ல செஞ்சிருக்கா. மத்ததுங்க இவளைப் பாத்துச் செஞ்சுதுங்க."

அவர் கையிலிருந்த மீனைத் திருப்பி மறுபக்கம் சீவினார்.

"தெரியும்க்கா" என்றார். "பத்து வருசமா தெருத் தெருவா நடக்குறேன். எந்தக் கை எங்க போவுதுன்னு எனக்குத் தெரியாதா? உன் கை பரவால்ல. கோடி வூட்டம்மா ஊதுவத்தி கொளுத்தி எடுத்துகினு வரும்." மீனைத் தண்ணீரில் போட்டார். "நா மட்டும் இன்னா? பஸ்ஸுல கருவாட்டுக்காரி பக்கத்துல ஒக்கார மாட்டேன். நாத்தம் கொடலப் புடுங்கும். எட்டப் போடின்னுவேன். அவ என்னப் பாத்து, நீ இன்னா மல்லியப் பூவான்னுவா."

என் மகள் மெதுவாகக் கேட்டாள், "அவ நாளைக்கு வருவாளா?"

"நீ வந்து கூப்ட்டா வருவா. நா சொன்னா வர மாட்டா."

போனோம். ஏரிக்கரைக் குடிசை வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தது. என் மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். அவளுக்கும் கூச்சம், என் மகள்தானே. கடைசியில் கையை நீட்டினாள். "என் கையை மோந்து பாரு" என்றாள். மூன்று தடவை சோப்புப் போட்டும் போகாத மீன் வாடை. அந்தப் பெண் முகர்ந்து பார்த்தது. "ஐய்ய, நாத்தம்!" என்று சொல்லிவிட்டுத் தன் பின்னலால் மூக்கை மூடிக்கொண்டது. இரண்டும் சிரித்தன. யார் மன்னிப்புக் கேட்டார்கள், யார் கொடுத்தார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஆனால் வகுப்பில் மீதி முப்பது பிள்ளைகள் இருக்கிறார்களே. திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்னால் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டுதான் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "இதைப் பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லுங்களேன்" என்றார்.

"என்னால முடியாது டீச்சர். நாக்கு ஒட்டிக்கும்."

"ஒரு வாக்கியம் போதும். மீதிய நான் பாத்துக்கறேன்."

வகுப்பு முன்னால் போய் நின்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். முப்பது ஜோடிக் கண். "மூக்கை மூடுறதை என் பொண்ணு என்கிட்டதான் கத்துக்கிச்சு" என்றேன். "தப்பு என் கையோடது." அவ்வளவுதான் வந்தது.

முன்பெஞ்சில் ஒரு பையன், "ஆயா, உன் பல்லு ஏன் அப்டி கீது?" என்றான். வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். "ஆயாவோட கை ஆயா பேச்சைக் கேக்க மாட்டேங்குது. அது மேல போறதை யார் பாத்தாலும் உடனே சொல்லணும். அது வாய்க்குப் போச்சா, மூக்குக்குப் போச்சா, அதையும் சொல்லணும்."

பெரியவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதைவிடப் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் வேறு உண்டா? அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. தண்ணீர் ஊற்றினால், "ஆயா, கை!" மணி அடிக்கப் போனால், "ஆயா, கை! வாயி!" ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்த அன்றைக்கு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் கத்தியது. இதில் ஒரு வேடிக்கை, டீச்சர் யோசித்துச் செய்தாரா தானாக நடந்ததா தெரியவில்லை. என்னைப் பிடிக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் தங்கள் கையை இறக்கி வைத்துக்கொண்டிருக்க வேண்டும். பின்னலை மூக்கில் வைத்துக்கொண்டு எவளாவது "ஆயா, கை!" என்றால் பக்கத்தில் இருக்கிறவள், "உன் கை எங்கடி?" என்பாள்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய். இரண்டு பையன்கள் அரைப் பரீட்சை வரைக்கும் காலரை இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் எனக்கு எதிர்பாராத வேறொன்று நடந்தது. பிள்ளைகள் வீட்டுக்குப் போயும் கையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். காலையில் வந்து என்னிடம் ஒப்பிப்பார்கள். "எங்கப்பா பேப்பர்காரர்கிட்ட இப்படி நிப்பாரு." "எங்கம்மா பாய் வூட்டுப் பிரியாணிய வாங்கி, நாய்க்கு வெச்சிட்டாங்க. நான் பாத்துட்டேன்." "எங்க மாமி ஸ்கூலுக்குக் கொண்டுவர்ற என் டப்பாவ மட்டும் தனியாக் கழுவுறாங்க, ஏன் ஆயா?" "நீயே அவங்களைக் கேளு" என்பேன். கேட்டிருக்கிறார்கள் போல. ஒரு நாள் ஒரு அப்பா டீச்சரிடம் வந்து நின்றார். "இன்னா சொல்லித் தர்றீங்கோ? புள்ள என் கையவே பாத்துகினு ஒக்காந்துகினு கீறான். நிம்மதியா சோறு துன்ன முடியல." டீச்சர் அவரை மரியாதையாக உட்கார வைத்துப் பேசினார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். ஜன்னலில் இருந்து ஒரு குரல், "ஆயா, கை!"

சாக்கடை எடுக்க வருகிற அம்மாவுக்கு அதற்கப்புறம் சொம்பையே கையில் கொடுத்தேன். முதல் தடவை அவர் வாங்கவில்லை. "ஊத்து தாயி, பழக்கமில்ல" என்றார். பிடித்துக்கொள்ளச் சொல்லி நான் நீட்ட, அவர் பின்வாங்க, சொம்பு கீழே விழுந்து நசுங்கியது. மூன்றாவது தடவைதான் வாங்கினார். குடித்துவிட்டு அவரே அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மீன்காரம்மா மகள் பள்ளிக்கூடத்தை விடவில்லை. அதற்கடுத்த வருடம், அது நான்காவது படிக்கும்போது, ஒரு லீவு நாளில் கேளம்பாக்கத்தில் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்ப பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். அம்மாவும் மகளும் அங்கே இருந்தார்கள். கீழே கூடை நிறைய மீன், மேலே ஐஸ், அதற்கு மேல் ஈரச் சாக்கு. மூன்று பக்கமிருந்தும் பஸ் வருகிற இடம் அது, எல்லாம் ஒரே நிறம். ஒவ்வொரு பஸ்ஸும் திரும்பும்போது அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் ஓடியது.

"திரு... திருப்போரூர். இது இல்லம்மா."

"அங்க ஒரு தபா போனது போதும்டி" என்றார் அவர்.

இன்னொன்று. "அடையாறு. இல்ல." வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து நகர்ந்து தள்ளிப் போய்விட்டார்கள். கூடைக்குப் பக்கத்தில் நாங்கள் மட்டும்தான்.

"தாம்... பரம். தாம்பரம்! வழி வண்டலூர்! அம்மா, வந்துட்ச்சி!" கத்திக்கொண்டே திரும்பிய பெண் என்னைப் பார்த்ததும் நின்றது.

"ஆயா, கை!"

இறக்கினேன். எப்போது போனதோ தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்கடி இருந்துச்சி?"

அது என் முகத்தைப் பார்த்து யோசித்தது. வாத்தியார் கணக்குத் திருத்துகிற மாதிரி. பிறகு தன் விரலை எடுத்து மூக்குக்குக் கீழே, மேல் உதட்டுக்கு மேலே வைத்துக் காட்டியது.

"ரெண்டுக்கும் நடுவுல ஆயா."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பின்பக்கம் கை காட்டினார். மீன்காரம்மா கூடையின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, மறுபக்கத்துக்கு யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். போய்ப் பிடித்தேன். நல்ல கனம். இரண்டு கையும் வேண்டியிருந்தது.